மோட்டார் வண்டியின் மானிகள்: நேரிற் காண்பதும் தூது கேட்பதும்

மோட்டார் வண்டியை ஓட்டுபவரின் கண்முன்னே டாஷ்போர்டில் சில முட்கள் அசைகின்றன. என்ஜினின் வெப்பம் இவ்வளவு, எண்ணெயின் அழுத்தம் இவ்வளவு, பெட்ரோல் இவ்வளவு என்று அவை அறிவிக்கின்றன. இவற்றைக் காட்டும் மானிகள் இருவகைப்படும். ஒன்று இயந்திர மானி, மற்றொன்று மின்மானி. பழைய வண்டியைப் புதுப்பிப்போர், இவ்விரண்டில் எதைப் பொருத்துவது நலம் என்று இன்றும் வாதிடுகின்றனர். இவ்வாதத்தின் வேர் மோட்டார் வண்டிக்கும் முற்பட்டது. அதன் வரலாற்றை அறிந்தார்க்குத் தேர்வு எளிதாகும்.

வளைகுழாயின் பிறப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கொதிகலன்கள் பெருகின. உள்ளே அழுத்தம் அளவு மீறினால் கொதிகலன் வெடித்து உயிர்களைக் கொள்ளை கொள்ளும். அழுத்தத்தை அளக்கப் பாதரசக் கம்பம் பயன்பட்டது. ஆயின், வளிமண்டல அழுத்தம் ஒரு மடங்கு கூடுந்தோறும் பாதரசம் 76 சென்டிமீட்டர் உயரும். ஏழு மடங்கு அழுத்தத்தைக் காண 5 மீட்டருக்கும் மேற்பட்ட குழாய் வேண்டும். ஓடும் ரயில் என்ஜினில் அதனை நிறுத்துவது எங்ஙனம்?

பாரிஸ் நகரில் கருவிகள் செய்துவந்த யூஜீன் பூர்டோன் என்பார் இதற்கு வழி கண்டார். நசுங்கிய வளைகுழாய் ஒன்றை உள்ளே அழுத்தம் ஏற்றிச் சீர்செய்ய முற்பட்டபோது, அதன் வளைவு நிமிர்வதை அவர் கவனித்தார். தட்டையான குழாயை வில்போல் வளைத்து ஒரு முனையை அடைத்துவிட்டால், அழுத்தம் ஏற ஏற அது நிமிர முயலும். அச்சிற்றசைவைப் பற்சக்கரங்களால் பெருக்கினால் முள் சுழலும். 1849-இல் இதற்கு அவர் காப்புரிமை பெற்றார். நெடிய பாதரசக் கம்பம் செய்த வேலையை உள்ளங்கையளவு வட்டப்பெட்டி செய்யலாயிற்று.

வண்டிக்குள் வந்த வகை

1908-இல் வெளிவந்த ஃபோர்டு ‘டி’ வண்டியில் வெப்பத்திற்கோ பெட்ரோலுக்கோ மானி இல்லை. தொட்டியில் குச்சியை விட்டுப் பெட்ரோலை அளந்தனர். 1910-களில் ரேடியேட்டர் மூடியின்மேல் பொருத்தும் பாய்ஸ் வெப்பமானி பரவியது. பின்னர் வெப்பமானி டாஷ்போர்டுக்கே வந்தது. என்ஜின் நீரில் அமிழ்ந்த சிறு குமிழில் ஈதர் போன்று எளிதில் ஆவியாகும் திரவத்தை அடைத்தனர். அதன் ஆவியழுத்தம் நுண்குழாய் வழியே வந்து பூர்டோன் குழாயை அசைத்தது. எண்ணெய் அழுத்தமானியோ இன்னும் நேரடியானது. என்ஜின் எண்ணெயே குழாய் வழியாக ஓட்டுநரின் முன்னே வந்து தன் அழுத்தத்தைக் காட்டியது.

1902-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரப் பொறியாளர் ஓட்டோ ஷுல்ட்சே, பெர்லினில் காப்புரிமைக்குப் பதிவு செய்த வேகமானியும் இங்குக் கருதத்தக்கது. வண்டியின் ஓட்டத்தோடு சுழலும் வடம் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அருகிலுள்ள உலோகக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றி அதனை இழுக்கும், சுருள்வில் தடுக்கும். இயந்திர மானி என நாம் வழங்கும் இதன் நெஞ்சத்திலேயே மின்சாரம் குடியிருக்கிறது! இரு வகையும் தீராப் பகைவர் அல்லர் என்பதற்கு இதுவே சான்று.

மின்சாரம் ஏன் வென்றது?

மின்மானியில் அளக்கப்படும் பொருள் வருவதில்லை. அதைப் பற்றிய செய்தி மட்டும் வருகிறது. என்ஜினில் உள்ள உணரி, வெப்பத்திற்கோ அழுத்தத்திற்கோ ஏற்பத் தன் மின்தடையை மாற்றும். அம்மாற்றம் கம்பி வழியே முள்ளை அசைக்கும். தொழிற்சாலையில் குழாய் பதிப்பதினும் கம்பி இழுப்பது எளிது. என்ஜின் பின்புறம் உள்ள பேருந்தில் நுண்குழாயை முன்புறம்வரை கொண்டுவருவது பெரும்பாடு. பாதுகாப்பும் ஒரு காரணம். 1927-இன் இறுதியில் வந்த ஃபோர்டு ‘ஏ’ வண்டியில் பெட்ரோல் தொட்டியே டாஷ்போர்டின் பின்னால் இருந்தது. மிதவை நேரே அளவைக் காட்டியது. அளவறிவது எளிது, விபத்து நேர்ந்தாலோ பெட்ரோல் ஓட்டுநரின் காலடியில்!

வோல்க்ஸ்வாகன் ‘பீட்டில்’ வண்டி இருவழியையும் கண்டது. 1962-ஆம் ஆண்டு வகையில் வடத்தால் இயங்கும் பெட்ரோல் மானி வந்தது. 1968-ஆம் ஆண்டு வகையில் மின்மானி அதன் இடத்தைப் பிடித்தது.

எனினும் தூதனுக்கும் குறையுண்டு. 1960-களின் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் மின்சாரத்தால் சூடேறி வளையும் ஈருலோகப் பட்டையே முள்ளை நகர்த்தியது. பாட்டரியின் ஏற்றத்தாழ்வு அளவைக் கெடுக்காதபடி, மின்னழுத்தத்தை 10 வோல்ட்டில் நிறுத்தும் சிறு பெட்டி ஒன்றும் இருந்தது. அது பழுதுபட்டால் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒருங்கே பிழைபடும். இரண்டும் சேர்ந்து ஏறினால் என்ஜினை அன்று, அப்பெட்டியையே முதலில் ஐயுற வேண்டும்.

எதைத் தேர்வது?

ஈருலோக முள் மெல்லவே நகரும். பெட்ரோலுக்கு அது நன்மை. தொட்டியில் பெட்ரோல் தளும்பினாலும் முள் ஆடாது. எண்ணெய் அழுத்தத்திற்கோ அதுவே தீமை. எண்ணெய் ஓட்டம் நின்றால் என்ஜினின் பேரிங்குகள் விரைவில் அழியும். அங்கு நொடிகளுக்கு மதிப்புண்டு. ஆகவே எண்ணெய்க்கு இயந்திர மானியும் பெட்ரோலுக்கு மின்மானியும் என்பது பொருந்திய பங்கீடு. இயந்திர மானியும் குற்றமற்றதன்று. எண்ணெய்க் குழாய் கசிந்தால் கொதிக்கும் எண்ணெய் காலில் விழும். வெப்பமானியின் நுண்குழாய் அறுந்தால், என்ஜின் கொதித்தாலும் முள் குளிர்ச்சியையே காட்டும்.

திருவள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். சொல்ல வேண்டியதைச் சோர்வின்றிச் சொல்வதே தூதன் கடன். இன்று பல வண்டிகளில் உணரியின் செய்தி நேரே முள்ளுக்குச் செல்வதில்லை. இடையே கணினி நிற்கிறது. வெப்பம் ஓரளவு ஏறி இறங்கினாலும், ஓட்டுநர் கலங்காதிருக்க, முள்ளை நடுவிலேயே நிறுத்திவைக்கும் ஏற்பாடும் உண்டு. தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போது என்ஜின் படும் பாட்டை அத்தகைய முள் சொல்லாது. சொல்லத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கக்கூடும்.

எனவே மானியை வாங்குவோர் விலையையும் அழகையும் மட்டும் நோக்குதல் போதாது. முள்ளை அசைப்பது எது, அதற்கும் என்ஜினுக்கும் இடையே நிற்பவர் எத்தனை பேர், அவருள் ஒருவர் தவறினால் முள் எப்பக்கம் சாயும் என்ற மூன்றையும் கேட்டறிதல் வேண்டும். கண்ணாற் காண்பதும் பொய்யாகலாம் என்றனர் நம் முன்னோர். தீர விசாரித்தவர்க்கே முள் காட்டுவது மெய்.