நாட்பட்ட நோயுள்ள எமது பிள்ளைகளும் பக்கத்துப் பாமசியும்

வில்லாவுட் என்ற பெயரை எம்மவர் பலர் முதலில் அறிந்தது, 1976 முதல் அங்கு இயங்கிவரும் குடிவரவுத் தடுப்பு முகாமின் பெயராகத்தான். அந்த முகாமிலிருந்து வெளியே வந்தவர்களும் பின்னர் வந்துசேர்ந்த குடும்பங்களும் இன்று மேற்கு சிட்னி எங்கும் பரந்து வாழ்கின்றார்கள். கைக்குழந்தைகளாக வந்த பிள்ளைகள் இப்போது உயர்வகுப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகின்றார்கள். அவர்களில் சிலருக்குத் தொய்வு என்று நாம் சொல்லும் ஆஸ்துமா, முதலாம் வகை நீரிழிவு, வலிப்பு போன்ற, ஆண்டுக்கணக்கில் மருந்து எடுக்கவேண்டிய நோய்கள் இருக்கின்றன.

இந்தப் பிள்ளைகளை விசேட வைத்திய நிபுணர் ஆண்டுக்குச் சில தடவைகளே பார்க்கிறார். குடும்ப டொக்டரைப் பார்க்க நேரம் பதியவேண்டும். பாமசிக்கோ மாதாமாதம் போகிறோம். அங்குள்ள மருந்தாளரிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு முன்பதிவும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆனாலும் எமது குடும்பங்களில் பெரும்பாலானவை அவரைப் பொதி கட்டித் தருபவராக மட்டுமே பார்க்கின்றன.

மருந்தாளர் எதைக் கவனிப்பார்?

நீல நிற வென்டோலின் இன்ஹேலரை இங்கே மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்கலாம். அதனால் டொக்டருக்குத் தெரியாத ஒன்று மருந்தாளருக்குத் தெரிகிறது: ஒரு பிள்ளை எத்தனை இன்ஹேலர் முடிக்கிறது என்பது. வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் அது தேவைப்பட்டால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். தினமும் எடுக்கவேண்டிய தடுப்பு மருந்தைப் பிள்ளை விட்டுவிட்டதா, இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறதா என்பதை மருந்தாளர் அந்த இடத்திலேயே செய்துகாட்டச் சொல்லிப் பார்க்கலாம்.

இது சிறிய விடயமல்ல. 2016 நவம்பர் 21 அன்று மெல்பேர்ணில் இடிமழையோடு வந்த புல் மகரந்தத்தால் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே இரவில் மூச்சு முட்டியது. 10 பேர் உயிரிழந்தனர். இளவயதினரும் அவர்களுள் அடங்குவர். அன்று வைத்தியசாலைக்கு ஓடியவர்களில் இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்கள் அவர்களது சனத்தொகை விகிதத்தைவிடக் கூடுதலாக இருந்ததாகப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. தமக்கு வெறும் தும்மல், மூக்கடைப்பு என்று நினைத்திருந்த பலரும் அவர்களுள் இருந்தனர். வசந்த காலத்தில் தும்மலுக்கு மருந்து வாங்கப் போகும்போது, “இவருக்கு முட்டும் வருவதுண்டு” என்று மருந்தாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

முட்டு வந்தால் பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, ஸ்பேசர் மூலம் ஒவ்வொன்றாக 4 தடவை மருந்தை அடியுங்கள். ஒவ்வொரு தடவையும் 4 மூச்சு எடுக்கச் செய்து, 4 நிமிடம் காத்திருங்கள். குறையாவிட்டால் 000 ஐ அழைத்து, உதவி வரும்வரை அதையே திரும்பச் செய்யுங்கள். மூச்சுவிட மிகவும் சிரமப்பட்டால் காத்திராமல் உடனே அழையுங்கள்.

நீரிழிவுள்ள பிள்ளைகளுக்கான தேசிய நீரிழிவுச் சேவைத் திட்டத்தின் பொருட்களும் பாமசி வழியாகவே கிடைக்கின்றன. முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு, தொடர்ந்து சீனி அளவைக் காட்டும் சென்சருக்கு 2022 ஜூலை முதல் எல்லா வயதினருக்கும் மானியம் உண்டு. கந்தசஷ்டி விரதம் பிடிக்கவோ யாழ்ப்பாணம் போகவோ நினைத்தால், இன்சுலினை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேளுங்கள். விரதம் என்று இன்சுலினைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

யார் பேசுவது?

எமது வீடுகளில் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, 17 வயதுப் பிள்ளை பின்னால் நிற்க, அம்மா எல்லாவற்றையும் பேசுவது. மற்றது, பெற்றோரின் நோய்க்கும் அந்தப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளராக நிற்பது. இரண்டிலும் பிள்ளை தன் நோயைப் பற்றித் தானே கேட்க இடமில்லை. பெற்றோருக்கு 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். மருந்து வழங்கும்போது பாமசிகள் இந்தச் சேவையை இலவசமாகப் பயன்படுத்தலாம். பிள்ளை 15 வயதில் தனக்கென மெடிகெயார் அட்டை எடுக்கலாம். மருந்தாளரிடம் தனியாகப் பேச விடுங்கள்.

“நாளைக்குக் கலியாணம் பேசும்போது தெரிந்துவிடும்” என்ற பயத்தில் பெண் பிள்ளையின் வலிப்பை மறைக்கும் குடும்பங்களையும் நாம் அறிவோம். மருந்தாளர் தமிழராக இருந்தாலும், நோயாளியின் விபரத்தை வெளியே சொல்லச் சட்டம் அனுமதிக்காது. தனியறை வேண்டுமென்றும் கேட்கலாம்.

விசா முடிந்தால் மருந்தும் முடிவதா?

பிறிட்ஜிங் விசாவில் உள்ளவர்களின் நீல நிற இடைக்கால மெடிகெயார் அட்டை, விசாவோடு சேர்ந்து காலாவதியாகும். அட்டை செல்லும்போது, மானியப் பட்டியலில் உள்ள மருந்துக்கு 2026 ஜனவரி முதல் அதிகபட்சம் 25 டொலர்; சலுகை அட்டைக்கு 7.70 டொலர். அட்டை இல்லாவிட்டால் முழு விலை. அப்போதுதான் சில வீடுகளில் ஒருவருக்கும் சொல்லாமல் மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கத் தொடங்குகிறார்கள்.

அதைச் செய்யாதீர்கள். காசில்லை என்று மருந்தாளரிடம் சொல்வதில் வெட்கமில்லை. அதே மருந்தின் மலிவான வேறு பெயர் உண்டா, எந்த மருந்தைக் கட்டாயம் விடக்கூடாது, எங்கே உதவி கேட்கலாம் என்று அவர் சொல்வார். அசைலம் சீக்கர்ஸ் சென்டரில் புகலிடக் கோரிக்கையாளருக்கான சுகாதார கிளினிக்கும் உண்டு.

முடிந்தவரை ஒரே பாமசிக்கே போங்கள். மருந்துப் பதிவு முழுவதும் ஓரிடத்தில் இருந்தால், ஏதாவது மாறும்போது மருந்தாளரின் கண்ணில் படும். விசா முடியும் திகதிக்கு ஒரு மாதம் முன்பே அவரிடம் சொல்லிவைத்து, கையில் எத்தனை நாள் மருந்து இருக்கிறது என்று பிள்ளையோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள்.