முண்ணாணும் போர்முனையும்: வன்னியில் இளம்பிள்ளைவாதத் தடுப்பு – ஒரு வரலாற்று நோக்கு

கால் அசைவது எளிய செயலெனத் தோன்றினும், அதன் பின்னே நீண்டதோர் ஏவல் வழி உண்டு. மூளையில் எழும் கணத்தாக்கம் முண்ணாண் வழியே இறங்கி, அதன் முன்கொம்பிலுள்ள இயக்க நரம்புக்கலங்களை அடைகின்றது. அங்கிருந்தே தசை ஏவல் பெறுகின்றது. நாம் எண்ணி எடுத்துவைக்கும் அடியும், முள் தைத்ததும் எண்ணாமலே காலை இழுத்துக்கொள்ளும் தெறிவினையும் இக்கலங்களின் வாயிலாகவே நிகழ்வன. இதனாலேயே சார்ள்ஸ் செரிங்டன் இதனை இறுதிப் பொதுவழி என்றார்.

இளம்பிள்ளைவாத வைரசு அழிப்பது இவ்வழியையே. மூளை ஏவும், தோல் உணரும், கால் மட்டும் அசையாது. அழிந்த கலம் மீள்வதில்லையாதலின் தடுப்பே தீர்வாகும். இலங்கையில் சொட்டு மருந்து 1962இல் அறிமுகமாயிற்று. இந்நோய்க்கு ஆளான இறுதி நோயாளர் 1993இல் பதிவானார். எனினும், மருந்து எட்டாத நிலப்பரப்பு ஒன்று எஞ்சுமாயின் நோய் மீளக்கூடும்.

1995 ஏப்பிரலில் போர் மீண்டும் மூண்டது. தேசிய தடுப்பு மருந்து நாட்கள் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. பின்வந்த ஆண்டுகளில் போர்முனை வன்னியை ஊடறுத்தது. கிளிநொச்சி 1996இலும் 1998இலும் கைமாறியது. மக்கள் இடம்பெயர்ந்த வண்ணம் இருந்தனர். குளிரில் பேணவேண்டிய மருந்தை மின்சாரமற்ற ஊர்களுக்குப் பனிக்கட்டிப் பெட்டிகளிற் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. இந்நிலையில், எல்சல்வடோரில் 1985இல் கையாளப்பட்ட முறையைப் பின்பற்றி, யுனிசெவ் நிறுவனத்தின் முயற்சியால் அரசும் விடுதலைப் புலிகளும் அந்நாட்களில் மோதலை நிறுத்த இணங்கின. அவை 'அமைதி நாட்கள்' எனப்பட்டன. 2014 மார்ச் 27இல் தென்கிழக்காசியப் பிராந்தியத்துடன் இலங்கையும் இந்நோயற்ற நாடெனச் சான்றுபெற்றது.

இவ்வெற்றியை உடன்பாடுகளின் வெற்றியாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பெட்டியைச் சுமந்த சுகாதார ஊழியரும், குழந்தையைத் தூக்கிவந்த தாய்மாரும் இவ்வரலாற்றின் கர்த்தாக்களே.

இதில் அடங்கியுள்ள முரண்பாடும் நோக்கத்தக்கது. குழந்தையின் கால் கருதிப் படைக்கலங்கள் ஓய்ந்த அதே மண்ணில், ஏனைய நாட்களில் மிதிவெடி கால்களைப் பறித்தது. முண்ணாண் பழுதின்றியிருந்தும் ஏவலை ஏற்கக் காலில்லாத நிலை அது. இழந்த காலுக்கு மூளை இன்னமும் ஏவல் விடுக்கின்றது. இல்லாத கால் வலிக்கின்றது.

ஒரு துளி மருந்துக்காகப் போரை நிறுத்த முடிந்ததெனின், அது தொடர்ந்தமை இயற்கை நியதியன்று. மனிதர் எடுத்த முடிவே என்பது நாம் இவ்வரலாற்றினின்றும் பெறும் பாடமாகும்.