கேட்டவர்க்கு வேலை

நம் ஊர்ப் பெண்கள் ‘நூறு நாள் வேலை’ என்றும் ‘ஏரி வேலை’ என்றும் சொல்லும் திட்டம் 2006ல் தமிழ்நாட்டுக்கு வந்தது. கடலூர், விழுப்புரம், நாகப்பட்டினம், திருவண்ணாமலை, திண்டுக்கல், சிவகங்கை என்று ஆறு மாவட்டங்களில்தான் முதலில் தொடங்கினார்கள். அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் 2005 ஆகஸ்டில் நிறைவேற்றியது. சட்டத்தின் மூலம் எங்கே என்று தேடிப் போனால், அதற்கும் நாற்பது ஆண்டுகள் முன்னால், மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில், தாஸ்காவ் வட்டத்தில் விசாபூர் என்ற கிராமத்தில் போய் நிற்போம். அங்கே அதை விதைத்தவர் விட்டல் சகாராம் பாகே. தமிழில் அவரைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. நூறு நாள் வேலையில் ஒரு நாளாவது மண்வெட்டி பிடித்த ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் அது.

பாகே 1910ல் பிறந்தவர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர், காந்தியத்தில் ஊறியவர். மகாராஷ்டிரம் தனி மாநிலமான 1960 முதல் 1978 வரை அதன் சட்ட மேலவைக்கு அவர்தான் தலைவர். பதினெட்டு ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார். பெருமையான பதவிதான். ஆனாலும் மேலவைத் தலைவருக்குத் துறை கிடையாது, நிதி கிடையாது, அதிகாரிகளை ஏவும் உரிமை கிடையாது. அவையை நடுநிலையோடு நடத்த வேண்டும், அவ்வளவுதான். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் கோடிக்கணக்கான ஏழைகளின் உரிமைக்கு வித்திட்டார் என்பதுதான் அவர் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அமைச்சர் பதவி இல்லாததால் எதுவும் செய்ய முடியவில்லை என்று சொல்லும் அரசியல்வாதிகளை எத்தனையோ பேரைப் பார்க்கிறோம்.

சாங்லியின் கிழக்குப் பகுதி மழை மறைவு நிலம். அரபிக் கடலிலிருந்து வரும் மேகங்கள் சகியாத்ரி மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு வருகின்றன. விதைப்புக்கும் அறுப்புக்கும் ஆள் வேண்டும். மற்ற மாதங்களில் நிலமற்றவருக்கு வேலை இல்லை. கரும்பு வெட்டப் போவார்கள், இல்லையென்றால் பம்பாய்க்கு ரயிலேறுவார்கள். போக முடியாதவர்கள் கடன் வாங்குவார்கள். பஞ்சம் வந்தால் அரசு நிவாரண வேலை திறக்கும். ரோட்டோரம் கல் உடைப்பதுதான் பெரும்பாலும் அந்த வேலை. மழை பெய்ததும் மூடிவிடுவார்கள். உடைத்த கல் குவியலாகக் கிடக்கும். அடுத்த பஞ்சத்தைத் தடுக்க அந்தக் கல்லால் ஒன்றும் ஆகாது.

பாகே கேட்டது எளிய கேள்வி. பஞ்சம் வந்த பிறகு ஏன் வேலை தர வேண்டும்? வேலை இல்லாத ஒவ்வொரு நாளும் ஏழைக்குப் பஞ்சம்தானே? கூலி கொடுக்கும் பணத்தைக் கசிவுநீர்க் குட்டை, வரப்பு மதகு, ஓடைத் தடுப்பணை என்று போட்டால் அந்த மண்ணிலேயே நீர் தங்குமே? 1965ல் இதை விசாபூர் வட்டாரத்தில் சோதனையாகச் செய்து பார்த்தார்கள். முதல்வராக இருந்த வசந்த்ராவ் நாயக் அதற்குக் காது கொடுத்தார். பாகேயின் விடாப்பிடி ஒரு பக்கம் என்றால், 1963 முதல் 1975 வரை முதல்வராக நீடித்த நாயக்கின் ஆதரவு இன்னொரு பக்கம்.

1972ல் வேலை உறுதித் திட்டம் மாநிலம் முழுமைக்கும் அறிவிக்கப்பட்டது. அறிவித்த கையோடு மகாராஷ்டிரத்தை அந்நூற்றாண்டின் கொடிய வறட்சி தாக்கியது. புதிய திட்டம் ஒதுங்கி நிற்க, பழைய பஞ்ச நிவாரணப் பணிகளே ஊரெங்கும் திறக்கப்பட்டன. 1973 மே மாதத்தில் அவற்றில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் வேலை செய்தார்கள். அரைக் கோடி மக்கள் கொளுத்தும் வெயிலில் அரசின் கூலிக்காக நின்ற அந்தக் கோடைக்காலம்தான், பாகேயின் யோசனை வெறும் நல்லெண்ணம் இல்லை என்று ஆட்சியாளர்களுக்கு உறைக்க வைத்தது. எதிர்க்கட்சியிலிருந்த சோஷலிஸ்டுகளும் இடதுசாரிகளும் சும்மா இருக்கவில்லை. வேலை கேட்டு ஊர்வலங்கள் நடந்தன. பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். யோசனை ஒருவருடையது, அதைக் கைவிட முடியாதபடி ஆக்கியது தெருவில் இறங்கிய மக்கள். வறட்சி ஓய்ந்ததும் திட்டம் மறுபடி உயிர்பெற்றது.

அடுத்தது பணம். இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதுதான். 1975ல் மகாராஷ்டிரம் தொழில் வரிச் சட்டம் கொண்டுவந்தது. பம்பாயில் மாதச் சம்பளம் வாங்குபவர், வழக்கறிஞர், மருத்துவர், வியாபாரி என்று எல்லோரிடமும் வசூலிக்கும் அந்த வரி வேலை உறுதி நிதிக்குப் போகும் என்று வகை செய்தார்கள். அதற்கு இணையாக அரசும் தன் பங்கைப் போட வேண்டும். வாகன வரி, விற்பனை வரி, பாசன நிலம் ஆகியவற்றின் மேலும் கூடுதல் தீர்வை வைத்து அந்த நிதியில் சேர்த்தார்கள். நகரத்துப் பணம் கிராமத்தின் கூலியாகப் போனது. ஒரு திட்டத்தை அறிவிப்பது சுலபம். அதற்கென்று வரி போட்டு, அந்த வரி எதற்கு என்று வெளிப்படையாகச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் பிறகு வந்த எத்தனையோ நலத்திட்டங்களுக்கு இல்லை.

1977ல் இரு அவைகளும் வேலை உறுதிச் சட்டத்தை நிறைவேற்றின. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று 1979 ஜனவரி 26 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அரசியல் சாசனத்தின் 41ஆவது பிரிவு வேலை பெறும் உரிமையை அரசுக்கு வழிகாட்டும் நெறியாக மட்டுமே வைத்திருந்தது. நீதிமன்றத்தில் கேட்க முடியாது. மகாராஷ்டிரம் அதைக் கேட்டுப் பெறும் உரிமையாக்கியது. கிராமத்தில் வாழும் வயது வந்த எவரும் பெயர் பதிந்து வேலை கேட்கலாம். 15 நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் வேலையில்லாப் படி உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி விகிதம். செலவில் 60 சதவீதமாவது கூலியாகப் போக வேண்டும். காண்டிராக்டருக்கு இடமில்லை. ‘மாகேல் த்யாலா காம்’, அதாவது கேட்பவர்க்கு வேலை என்பது ஊர் ஊராகப் பரவிய முழக்கம்.

எல்லாம் குறையில்லாமல் நடந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். வேலையில்லாப் படி நாளுக்கு ஒரு ரூபாய் என்ற அளவில்தான் தொடங்கியது. அதைப் பெற்றவர்களும் அரிது. வெட்டிய குட்டைகளுக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருந்தவர்களுக்கே நீரின் பலன் கூடுதலாகப் போனது. கூலிக்கு வெட்டியவருக்கு அந்த நீரில் பங்கு எழுதப்படவில்லை. 1988ல் கூலி இரண்டு மடங்கானது. அதன் பிறகு கேட்டவர்க்கெல்லாம் வேலை தரும் வழக்கம் தளர்ந்தது. செலவைக் கட்டுப்படுத்த வேலைத்தளங்களைத் திறக்காமல் இழுத்தடித்தார்கள். உரிமை ஏட்டில் இருந்தாலும் தளம் திறந்தால்தான் கூலி. இந்தப் பாடம் தேசிய சட்டத்துக்கும் பொருந்தியது.

பாகே 1990ல் காலமானார். 2004ல் மத்தியில் ஆட்சி மாறியபோது சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராய், பொருளாதார அறிஞர் ழான் த்ரேஸ் போன்றவர்கள் வேலை உறுதிச் சட்டத்துக்காக வாதாடினார்கள். அப்போது அவர்கள் கையில் கற்பனை இருக்கவில்லை. மகாராஷ்டிரத்தின் முப்பது ஆண்டு அனுபவம் இருந்தது. 15 நாள் கெடு, படி, 60 சதவீதக் கூலி, காண்டிராக்டருக்குத் தடை எல்லாம் அங்கிருந்து வந்த சரக்குதான். 2006 பிப்ரவரி 2 அன்று ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்துப் பண்ட்லபள்ளியில் திட்டம் தொடங்கி, 200 மாவட்டங்களில் நடந்து, 2008ல் நாடெங்கும் பரவியது. மறு ஆண்டு அதற்குக் காந்தியின் பெயர் சேர்ந்தது.

வந்த வழியில் இரண்டு சரக்குகள் மட்டும் தவறிப் போயின. மகாராஷ்டிரச் சட்டத்தில் வேலை நாளுக்கு உச்சவரம்பு கிடையாது. எத்தனை நாள் கேட்டாலும் தர வேண்டும். அந்த உரிமை வயது வந்த ஒவ்வொரு தனி ஆளுக்கும் உரியது. டெல்லிச் சட்டம் அதை ஆண்டுக்கு நூறு நாள் என்று சுருக்கியது. அந்த நூறையும் ஒரு குடும்பத்துக்கு என்று பகிரச் சொன்னது. மாமியாரும் மருமகளும் மகனும் ஒரே அட்டையில் நாட்களைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டி வந்தது இதனால்தான். வேலை உறுதிச் சட்டம் எந்தப் பெயரில் எழுதப்பட்டாலும், பாகேயின் மாநிலம் 1979லேயே தந்த அந்த இரண்டையும் கேளுங்கள். கிராமசபையில் கேளுங்கள், ஓட்டுக் கேட்டு வருபவரிடமும் கேளுங்கள்.