செயற்கைக்கோள்வழிச் சுரங்கக் கண்காணிப்பு

குத்தகை எல்லையை மீறித் தோண்டுவதையும், தோண்டி முடித்த நிலம் மீட்கப்படுவதையும் வெவ்வேறு காலத்துச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு அறியும் தொலையுணர்வு முறை. இந்தியாவில் மத்திய சுரங்க அமைச்சகமும் இந்தியச் சுரங்கப் பணியகமும் காந்திநகரின் பிசாக் என்னும் புவித்தகவல் நிறுவனத்துடன் சேர்ந்து 2016 அக்டோபரில் இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கின. கிராம வரைபடத்திலுள்ள குத்தகை எல்லை படத்தின்மேல் பொருத்தப்படும்; எல்லையைச் சுற்றி 500 மீட்டருக்குள் புதுப் பள்ளமோ மண்மேடோ தென்பட்டால் எச்சரிக்கை எழும். பிறகு மாவட்டக் கனிமவள அலுவலர்கள் நேரில் சரிபார்ப்பர். படம் இடத்தைக் காட்டுமே தவிர, தோண்டியவரைக் காட்டாது.

மீட்பை அளக்கத் தாவரக் குறியீடு பயன்படுகிறது. பசுந்தழை சிவப்பொளியை உறிஞ்சி, அண்மை அகச்சிவப்பைப் பெருமளவு எதிரொளிக்கும். இவ்விரு ஒளிகளின் எதிரொளிப்பு வேறுபாடே குறியீட்டின் அடிப்படை; வெற்று மண்ணில் அது குறைவு. சீமைக்கருவேலம் மண்டினாலும் குறியீடு உயரும் என்பதால் களஆய்வு இன்றியமையாதது. கோல் இந்தியாவின் திறந்தவெளிச் சுரங்கங்களை ராஞ்சியிலுள்ள மத்தியச் சுரங்கத் திட்டமிடல், வடிவமைப்பு நிறுவனம் இம்முறையில் ஆராய்கிறது: ஆண்டுக்கு 50 லட்சம் கனமீட்டருக்கு மேல் நிலக்கரியும் மேல்மண்ணும் அகற்றும் சுரங்கங்கள் ஆண்டுதோறும், ஏனையவை மூன்றாண்டுக்கு ஒருமுறை.