பேய்க்காக 'ஏ' வாங்கிய கோயமுத்தூர்ப் படம்

இன்னைக்கு ஒரு படத்துக்கு 'ஏ' சான்றிதழ்னு கேள்விப்பட்டா, ரத்தமோ படுக்கையறையோ இருக்கும்னு நாமே முடிவு கட்டிடறோம். தமிழில் முதன்முதலாக 'ஏ' வாங்கிய படத்துக்கு இரண்டுமே காரணமில்லை. 1951இல் வந்த 'மர்மயோகி' அது. எம்.ஜி.ஆர். கத்தியோடு தாவித் திரியும் ராஜா ராணிக் கதை. குழந்தைகளை உள்ளே விடாதீங்கன்னு தணிக்கைக் குழு சொல்லக் காரணம், அதில் வரும் பேய். அதுவும் போலிப் பேய்!

கோயமுத்தூர்க்காரங்க பலருக்கே இது நம்மூர்ச் சரக்குன்னு தெரியாது. ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பு, எடுத்த இடம் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோ. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹாலைக் கட்டிப் படம் காட்டிய ஊர், முப்பது வருஷத்துக்குள் படம் எடுக்கிற ஊராகவும் ஆகியிருந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகனான முதல் படம் 'ராஜகுமாரி'யும் (1947), அண்ணாவின் 'வேலைக்காரி'யும் (1949) ஜூபிடருக்காக இங்கே உருவானவைதான். அந்த இரண்டையும் இயக்கிய ஏ.எஸ்.ஏ.சாமி, 'மர்மயோகி'க்குக் கதை வசனம் எழுதினார். இயக்கம் கே.ராம்நாத். சிங்காநல்லூரில் பிறந்த எஸ்.வி.சகஸ்ரநாமமும் நடித்திருக்கிறார்.

இந்தக் கதைக்கு மூணு வேர் சொல்வாங்க: ராபின் ஹூட், 'மக்பெத்', மேரி கொரெல்லி. முதல் வேர் எம்.ஜி.ஆருக்குப் போய்விட்டது, அதை விடுங்க. எனக்குப் பிடிச்சது கடைசி வேர். கொரெல்லியை இன்னைக்கு யாரும் சீண்டுவதில்லை. விக்டோரியா காலத்தில் அவர் நாவல்கள் சக்கைப்போடு போட்டவை. 1886இல் வந்த 'வெண்டெட்டா'வில், நேப்பிள்ஸ் நகரத்துக் காலராவில் செத்துப்போனதாக நினைத்து ஒருவனைக் கல்லறைக்குள் வைத்துவிடுகிறார்கள். தப்பி வீட்டுக்குப் போனால், மனைவி அவனுடைய நண்பனோடு இருக்கிறாள். தலை நரைத்துப்போன அவன் யாரோ ஒரு பணக்காரக் கிழவனாக வேஷம் கட்டி அவர்களிடமே திரும்பி வருகிறான். நாவலாக அது கொஞ்சம் வளவளதான், ஒரு பக்கத்தில் முடியவேண்டியதுக்கு அஞ்சு பக்கப் புலம்பல். ஆனால் இருட்டுக் கல்லறையில் அவன் கண் விழிக்கும் அத்தியாயத்தை ராத்திரியில் படிச்சுப் பாருங்க, சும்மா சொல்லலீங்க.

படத்தில் வயதான ராஜாவாக செருகளத்தூர் சாமா. அவரைக் கொன்றுவிட்டதாக நம்பி அரியணை ஏறும் ஊர்வசியாக அஞ்சலி தேவி. ராஜா சாகவில்லை. யோகியாக உலவுகிறார், சமயம் பார்த்து ஆவியாகவும் வந்து நிற்கிறார். மக்பெத் பார்க்கும் பாங்கோவின் ஆவி அவன் மனசுக்குள்ளிருந்து வருதா, வெளியிலிருந்து வருதா என்று ஷேக்ஸ்பியர் கடைசிவரை சொல்வதில்லை. சாமி சொல்லிவிடுகிறார். இதனால் படம் நீர்த்துப்போச்சுன்னு ஒரு நண்பர் அடிச்சுச் சொல்வார். எனக்கு அப்படித் தோணல. ரகசியம் தெரிந்தபின் மறுபடி பார்த்தால், பயம் பேயிடம் இல்லை, அஞ்சலி தேவியின் முகத்தில் இருக்கு. தான் செய்த கொலையே அவளைப் பிடித்த பேய். 'வேலைக்காரி' வந்து இரண்டே வருஷம் ஆகியிருந்த பகுத்தறிவுக் காலத்தில், அதே ஸ்டூடியோவில் நிஜப் பேயை நடமாட விடுவதும் கஷ்டம்தான். 1978இல் 'ஆயிரம் ஜென்மங்கள்' வரும்போது அந்தத் தயக்கமெல்லாம் போயாச்சு. ஆவி நிஜமாகவே உடம்புக்குள் புகுந்தது. பயம் என்னவோ எனக்கு அதில் குறைவுதான்.

'டிராகுலா', 'பிராங்கன்ஸ்டைன்' (இரண்டும் 1931) வந்ததற்கப்புறம் பிரிட்டனில் திகில் படங்களுக்கென்றே 'எச்' என்று தனிச் சான்றிதழ் வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு 'எக்ஸ்' கொண்டுவந்ததும் இதே 1951தான். நம்மிடம் பேய்க்குத் தனி எழுத்து கிடையாது, 'ஏ'வே போதும்னு விட்டுட்டாங்க.

இன்னொன்று. இதற்கு முந்தின வருஷம் இதே ராம்நாத், இதே ஊரின் பட்சிராஜாவுக்காக எடுத்தது 'ஏழை படும் பாடு', விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசராப்ள'. அடுத்தடுத்து ஹ்யூகோவும் கொரெல்லியும்! அந்த இரண்டு ஸ்டூடியோக்களும் இன்று இல்லை. 'மர்மயோகி' கிடைக்குதுங்க. சண்டைக் காட்சிகளைத் தள்ளிவிட்டு, விளக்கை அணைச்சிட்டு, சாமா வரும் இடங்களை மட்டும் பாருங்க.