முயலுக்குக் கருத்தடை அறுவை: முன்னேற்பாடு

வீட்டு முயலுக்குச் செய்யும் கருத்தடை அறுவையில் ஆணுக்கு விதைகளை எடுத்துவிடுகிறார்கள். பெண்ணுக்குச் சூலகங்களையும் பெரும்பாலும் அவற்றோடு கருப்பையையும் அகற்றுகிறார்கள். விதைகள் இறங்கியபின், மூன்றரை நான்கு மாத வயதிலிருந்து ஆணுக்கும், ஐந்து ஆறு மாத வயதில் பெண்ணுக்கும் இதைச் செய்வது வழக்கம். நாய்க்கும் பூனைக்கும் இதே அறுவை அன்றாடம் நடப்பதால், அவற்றுக்குச் சொல்லும் முன்னேற்பாட்டையே முயலுக்கும் சொல்லிவிடுகிறார்கள். "ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒன்றும் கொடுக்காதீர்கள்" என்பது அதில் முதல் வாக்கியம். முயலைப் பொறுத்தவரை அந்த முதல் வாக்கியமே பிழை. நாயை வெறும் வயிற்றோடு கொண்டுபோக வேண்டும். முயலைத் தின்னத் தின்னக் கொண்டுபோக வேண்டும். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இந்த ஒன்றைச் சார்ந்தவையே.

நாயையும் மனிதரையும் பட்டினி போடுவதற்குக் காரணம் வாந்தி. மயக்கத்தில் இருக்கும்போது இரைப்பையில் உள்ளது மேலேறி மூச்சுக்குழலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதன் இரைப்பை வாயில் உள்ள இறுக்கமான தசை வளையம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. பட்டினி போட்டாலும் அதன் இரைப்பை காலியாவதில்லை. ஒரு நாள் முழுக்கத் தீனி இல்லாத முயலின் இரைப்பையிலும் உணவும் உரோமமும் இருக்கும். ஆகவே பட்டினியால் கிடைக்க வேண்டிய பயன் கிடைப்பதில்லை. கேடு மட்டும் வந்து சேர்கிறது. முயலின் செரிமானம் நார்ச்சத்து இடைவிடாமல் உள்ளே வந்துகொண்டிருப்பதை நம்பி நடப்பது. சீக்கம் என்னும் பெரிய குடற்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அந்தத் தீனியைப் புளிக்க வைக்கின்றன. அங்கே உருவாகும் மெல்லிய புழுக்கையை முயல் திரும்பத் தின்று சத்தைப் பெறுகிறது. தீனி நின்றால் குடலின் அசைவு மந்தமாகும். வாயு சேர்ந்து வலிக்கும். வலியால் முயல் மேலும் தின்ன மறுக்கும். கொழுத்த முயலாக இருந்தால் பட்டினி கிடக்கும்போது கல்லீரலில் கொழுப்பு படியும் ஆபத்தும் உண்டு.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் இரண்டு பொருட்படுத்தத் தக்கவை. முயலின் மார்புக்கூடு சிறியது, வயிறு பெரியது. மல்லாத்திக் கிடத்தும்போது நிறைந்த குடல் உதரவிதானத்தை அழுத்தி மூச்சைக் குறுக்கும் என்பது ஒன்று. வாயில் மிச்சமிருக்கும் தீனித் துணுக்கு தொண்டைக்குப் போகலாம் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை. ஆனால் முதலாவதற்குத் தீர்வு மேசையில் மார்பைச் சற்று உயர்த்திக் கிடத்துவதும் ஆக்சிஜன் தருவதும்தான். சீக்கத்தைப் பட்டினியால் காலி செய்துவிட முடியாது. இரண்டாவதற்கு, மயக்க மருந்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு தீனியை எடுத்துவிட்டு வாயைத் துடைத்தால் போதும். இந்த இடைவெளியை மருத்துவமனையிலேயே விட்டுக்கொள்ளலாம். வீட்டிலிருந்து விடத் தேவையில்லை.

பிரிட்டனில் 117 கால்நடை மருத்துவமனைகளில் நடந்து 2008-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று மயக்க மருந்தோடு தொடர்புடைய இறப்புகளைக் கணக்கிட்டது. நாய்களில் 0.17 விழுக்காடு, பூனைகளில் 0.24, முயல்களில் 1.39. நலமாக இருந்த முயல்களை மட்டும் எடுத்தாலும் 0.73. இறந்த முயல்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அறுவை மேசையில் இறக்கவில்லை. எல்லாம் முடிந்து கூண்டுக்குத் திரும்பிய பிறகு இறந்தன. பலவற்றுக்குக் காரணம் கண்டறியப்படவில்லை என்பதால் பழி முழுவதையும் குடல்மேல் போடுவது நேர்மையாகாது. குளிர்ந்துபோன உடல், கவனிக்கப்படாத மூச்சு, வலி என்று வேறு சந்தேகங்களும் உண்டு. ஆனாலும் ஆபத்து அதிகம் இருப்பது அறுவைக்குப் பிந்திய மணிகளில்தான் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. அந்த மணிகளில் முயல் வலியின்றித் தின்னத் தொடங்க வேண்டும் என்றால், பட்டினியோடு உள்ளே போன முயல் பின்தங்கித்தான் தொடங்கும்.

இவ்வளவு ஆபத்துள்ள அறுவை எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பெண் முயலுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்று வரும் வாய்ப்பு மிக அதிகமாகிறது. ஐந்து வயதைத் தாண்டியவற்றில் 80 விழுக்காடு என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எண், ஆய்வகங்களில் வளர்க்கப்பட்ட குறிப்பிட்ட இன முயல்களிலிருந்து வந்தது; எல்லா இனங்களுக்கும் அதை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் அந்த எண்ணைப் பாதியாக்கினாலும் நலமான இளம் முயலின் மயக்க ஆபத்தைவிட அது பல மடங்கு பெரிது. ஆண் முயலுக்கு இப்படி ஒரு நோய்க்கணக்கு இல்லை. சண்டை, சிறுநீர் பீய்ச்சுதல், ஓயாத இனப்பெருக்கம் ஆகியவையே காரணம். தனியாக, அமைதியாக வாழும் ஆணுக்கு அறுவை கட்டாயம் என்று சொல்வதற்கில்லை.

தயாரிப்பு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். அந்த வாரத்தில் புதிய தீனி எதையும் அறிமுகப்படுத்தக் கூடாது. உலர்புல் கிடைக்காத வீடுகளில் அருகம்புல்தான் பெரும்பங்காக இருக்க வேண்டும். பண்ணைகளில் கொடுக்கும் வேலிமசாலும் குதிரைமசாலும் புரதம் மிகுந்தவை என்பதால் வளர்ந்த முயலுக்கு அளவாகவே தரலாம். கேரட்டும் முட்டைக்கோசும் முயலுக்கு முழு உணவு என்ற நம்பிக்கையைக் கைவிடுவது நல்லது. முயலுக்கு எது மிகவும் பிடிக்கும் என்று குறித்துவைத்துக்கொண்டு, கொத்தமல்லிக் கட்டோ புதினாவோ அதையே மருத்துவமனைக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். மயக்கம் தெளிந்த முயல் முதலில் வாய் வைப்பது பழகிய வாசனையில்தான். ஊசி நீக்கிய சிரிஞ்சில் தண்ணீரைக் கடைவாய்ப் பக்கமாகக் குடிக்கவும் முன்கூட்டியே பழக்கலாம். பிறகு மருந்தோ கூழோ புகட்ட நேர்ந்தால் போராட்டம் இருக்காது. தினமும் புழுக்கையைப் பார்ப்பது இன்னும் முக்கியம். உருண்டையாக, ஒரே அளவில், உடைத்தால் புல் நார் தெரியும்படி இருந்தால் குடல் நன்றாக இருக்கிறது. சிறுத்தோ, உரோமத்தால் கோத்த மணிமாலையாகவோ வந்தால் அறுவையைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மருத்துவரும் முயலை முன்கூட்டியே ஒருமுறை பார்க்க வேண்டும். முயல் மூக்கால்தான் மூச்சுவிடும். சளி பிடித்த முயலுக்கு மயக்க மருந்து கொடுப்பது வம்பு. மூக்கு சுத்தமாகத் தெரிந்தாலும் முன்னங்கால்களின் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முயல் சளியை அங்கேதான் துடைக்கும். உரோமம் சடை பிடித்திருந்தால் நோய் இருக்கிறது. எடையைக் கிராம் கணக்கில் எடுக்க வேண்டும். ஆணா பெண்ணா என்பதையும் அப்போதே உறுதிப்படுத்திக்கொள்ளலாம். குட்டி விற்ற கடைக்காரர் சொன்னது பல நேரம் தவறாகவே இருக்கும். வீட்டில் மீந்த ஆன்டிபயாடிக் எதையும் சொந்த யோசனையில் கொடுக்கக் கூடாது. அமாக்சிசிலின், கிளிண்டமைசின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறந்துபோகலாம்.

அறுவை நாளில் விடிகாலை நேரத்தைக் கேட்டு வாங்குவது நம் ஊர் வெயிலுக்கு அவசியம். முயலுக்கு வியர்க்காது, வெப்பத்தைப் பெரும்பாலும் காது வழியாகவே வெளியேற்றும். கூண்டில் அருகம்புல்லைப் பரப்பி, உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வைக்கலாம். ஆனால் மயக்கத்தில் நிலைமை தலைகீழாகி உடல் விரைவில் குளிர்ந்துவிடும் என்பதால், சூடேற்றும் ஏற்பாடு மருத்துவமனையில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஜோடியாக வாழும் முயல்கள் என்றால் இரண்டையும் சேர்த்தே அழைத்துப் போகலாம். தனியாகப் போய் வேற்று வாசனையோடு திரும்பும் முயலை மற்றது கடித்துத் துரத்துவது உண்டு. ஆணுக்கு அறுவை செய்து, பெண்ணுக்குச் செய்யவில்லை என்றால் நான்கிலிருந்து ஆறு வாரம் பிரித்துவைக்க வேண்டும். அதுவரை ஆணுக்குக் கருவுறச் செய்யும் திறன் எஞ்சியிருக்கும்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்க எளிய வழி, முயலைப் பட்டினி போட வேண்டுமா, வலிக்கு என்ன கொடுப்பீர்கள், தின்னத் தொடங்கிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவீர்களா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுவது. முந்தின இரவிலிருந்தே பட்டினி போடச் சொல்லி, காரணம் கேட்டும் விளக்காத இடத்தில் முயலை ஒப்படைக்காதீர்கள். அறுவை ஒரு மாதம் தள்ளிப்போனாலும் வேறு மருத்துவரைத் தேடுங்கள்.