‘கலை அரசி’: வேற்றுக்கோளினர் தேடி வந்த செல்வம்



வேற்றுக்கோளினர் படையெடுப்பு என்றதும் 1996-இல் வெளிவந்த ‘இண்டிபென்டென்ஸ் டே’ போன்ற ஆங்கிலப் படங்களே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே, 1963-இல், தமிழ்த் திரையில் வேற்றுக்கோளினர் வந்திறங்கிவிட்டனர். ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’யே அப்படம். இந்தியாவில் வேற்றுக்கோளினரைக் காட்டிய முதல் படமாக அது கருதப்படுகிறது.

காலச் சூழலை நோக்குவோம். 1961 ஏப்ரல் 12-இல் யூரி ககாரின் விண்கலத்தில் பூமியைச் சுற்றி வந்தார். சோவியத்தும் அமெரிக்காவும் விண்வெளியில் போட்டியிட்டன. அந்தப் பரபரப்பு அடங்குமுன்னரே ‘கலை அரசி’ வெளிவந்தது.

அறிவியலில் உயர்ந்த ஒரு கோள். ஆனால், இசையில் பின்தங்கியது. இசை கற்பிக்க ஒருவரைத் தேடிப் பூமிக்கு வரும் தின்னா (நம்பியார்), பாடகி வாணியைக் கவர்ந்து செல்கிறான். அவளை மீட்க நாயகன் மோகன் அக்கோளுக்கே செல்கிறான்.

குறைகள் பல. வேற்றுக்கோளினர் தோற்றத்தில் நம்மைப்போலவே இருக்கின்றனர், தமிழும் பேசுகின்றனர். பானுமதியின் இரட்டை வேடம், ஆள்மாறாட்டம், சண்டை என வழக்கமான பாதையில் கதை நடப்பதால், விண்வெளிக் கற்பனை முழுமையாக விரியவில்லை.

நிறை ஒன்றே, ஆயினும் பெரிது. ஆங்கிலப் படத்தில் வருவோர் பூமியின் வளங்களைச் சூறையாட வருகின்றனர். தமிழ்ப் படத்தில் வருபவனோ பாட்டுக்காக வருகிறான். பூமியில் கவர்ந்து செல்லத்தக்க செல்வம் கலையே என்று எண்ணியது அக்கற்பனை. இயல்பிலேயே பாடகியான பானுமதி வாணியாக நடித்தது அதற்கு மேலும் பொருத்தமாயிற்று.

இப்படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தபோது என் மனம் உறுத்தியது. 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்படும்வரை, ஆறாம் ஆண்டு மாணவர்களின் இசைக்கல்வி நேரத்தைக் கணிதப் பயிற்சிக்குப் பலமுறை எடுத்துக்கொண்டவன் நான். பெற்றோரும் மகிழ்ந்தனர். தின்னாவின் கோளை நாம் வகுப்பறையிலேயே உருவாக்கிக்கொண்டிருந்தோமோ?

பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற கலைக்கூடங்கள் உண்டு. ஆனால் கிள்ளானிலிருந்து பிள்ளைகளை அங்கு அழைத்துச்செல்ல எல்லாப் பெற்றோருக்கும் வசதி இல்லை. அத்தகைய பிள்ளைக்குப் பள்ளியின் இசை நேரமே ஒரே வாய்ப்பு. தேர்வு போய்விட்டது, அந்தப் பழக்கமும் போகட்டும். அந்த நேரத்தைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுப்போம்.